தலை மேற்கே, வால் கிழக்கே

என்ன வேலை பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால், ஈ ஓட்டினேன் என்றுதான் சொல்வேன். சொல்லிவிட்டு அவர்கள் முகத்தைப் பார்ப்பது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு. தென்னூரில் எங்கள் தெருக்காரர்களில் பாதிப் பேர், நான் ஏதோ கல்லூரியில் மின்விசிறிக்குக் கீழே சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்கி ஓய்வு பெற்றேன் என்றே நம்புகிறார்கள். நான் திருத்துவதில்லை. பழ ஈக்களை வைத்து ஆராய்ச்சி செய்யும் லேப் ஒன்றில் தொழில்நுட்ப அலுவலராக இருந்தேன், ஈ இடும் முட்டைக்கு ஊசி போடுவேன் என்று உண்மையைச் சொன்னால், அன்றைய மாலை முழுக்க விளக்கிக்கொண்டே நிற்க வேண்டிவரும்.

இப்போது இதை எழுத உட்கார்ந்ததற்கு ஒரு இயந்திரம் காரணம். லேப் பிள்ளைகள் வாட்ஸப்பில் அதன் படத்தை அனுப்பியிருந்தார்கள். புது மைக்ராஸ்கோப்பாம். முட்டையை எப்படிக் கிடத்தினாலும் அதுவே தலை எது, வால் எது என்று கண்டுபிடித்து, படத்தைத் திருப்பித் தலையை இடப்பக்கமாக வைத்துக் கொடுத்துவிடுமாம். நான் இருந்த காலத்தில் இதையெல்லாம் எப்படிச் செய்தோம் என்று எழுதித் தரச் சொன்னார்கள். நான் இருந்த காலமாம். என்னவோ கரிகாலன் கல்லணை கட்டும்போது நான் பக்கத்தில் நின்று மண் சுமந்ததைப் போல. என் அடையாள அட்டையின் கயிறுகூட இன்னும் நிறம் மங்கவில்லை. கோபமாக இருந்தது. கோபம் அடங்கியதும், எங்கள் லேப்பில் பிஎச்.டி. செய்த சபீனாவின் நினைப்பு வந்தது. பிறகு மற்ற எந்த வேலையும் ஓடவில்லை.

விலங்கியல் படித்து, வேறு ஊரில் ஒரு பெரிய லேப்பில் ஊசி போடக் கற்றுக்கொண்டு வந்தேன். அங்கே நான் தொட்ட முட்டைகளில் பாதி வெடித்தன, மீதி காய்ந்தன. கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றி இதற்கு மேல் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை.

முட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழ ஈயின் முட்டை ஒரு ரவைத் துகள் அளவு இருக்கும். வெள்ளையாக, கொஞ்சம் நீளமாக. ஓட்டின் மேல் ஒரு முனையில், முதுகுப் பக்கமாக, மெல்லிய கொம்புகள் இரண்டு நீட்டிக்கொண்டிருக்கும். முட்டைக்கு அவைதான் மூச்சுக் குழாய். கொம்பு இருக்கும் முனை தலை, எதிர் முனை வால். ஓட்டை உரித்துவிட்டாலோ, உள்ளே இருப்பது இரு முனையும் ஒன்றுபோலத் தெரியும் ஒரு பால் நிறத் துளி. அந்தத் துளிக்குள் இந்தப் பக்கம் தலை, அந்தப் பக்கம் வால், மேலே முதுகு, கீழே வயிறு என்று யார் சொன்னது? எங்கள் லேப் இந்த ஒரு கேள்விக்காகத்தான் இருந்தது. மக்காச்சோள மாவும் வெல்லமும் ஈஸ்ட்டும் போட்டு ஈக்களுக்குச் சாப்பாடு காய்ச்சியது, குப்பி குப்பியாக வளர்த்தது, திராட்சைச் சாற்றை அகர் சேர்த்துத் தட்டில் உறைய வைத்து அதன் மேல் முட்டையிட வைத்தது எல்லாம் இதற்காகத்தான்.

சொன்னது அம்மா. இதை முதன்முதலாகப் புரிந்துகொண்ட அன்று நான் பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். முட்டை இன்னும் அவள் வயிற்றுக்குள் இருக்கும்போதே, தகப்பன் யாரென்று தெரிவதற்கு முன்பே, அவள் சொல்லி முடித்துவிடுகிறாள். எப்படிச் சொல்கிறாள் என்பதுதான் அழகு. புரதம் என்பது உடம்பெங்கும் இருக்கும் பொருள். ஒரே புரதம்தான் முட்டை முழுக்க இருக்கும். ஆனால் ஒரு இடத்தில் மட்டும் அதன் மேல் ஒரு சின்ன ரசாயனக் குறியாகப் பாஸ்பேட்டோ சல்பேட்டோ ஏற்றப்படும். ஏறியதும் அதன் மதிப்பு மாறிவிடும். கோவிலில் ஒருவருக்குப் பரிவட்டம் கட்டியதும், நேற்றுவரை கூட்டத்தில் நின்ற அதே ஆளுக்கு எல்லாரும் வழிவிடுகிறார்களே, அதைப் போல. முட்டையின் உள்தோல் உருவாகும்போது, வயிறாகப் போகும் பக்கத்தில் மட்டும் அம்மாவின் செல்கள் சல்பேட்டை ஏற்றி வைக்கின்றன. பிறகு அந்தக் குறியிலிருந்து ஒன்று இன்னொன்றைத் தூண்டி, அது மற்றொன்றை வெட்டி, கடைசியில் அந்தப் பக்கத்து அணுக்கருக்களுக்குள் 'நீ வயிறு' என்ற சேதி நுழைகிறது. அந்தக் குறியை இட முடியாத ஒரு தாய் ஈ பார்வைக்கு எல்லாரையும் போலத்தான் பறக்கும், தின்னும், கூடும். அவள் பிள்ளைகளுக்கு மட்டும் வயிறே இருக்காது. எல்லாப் பக்கமும் முதுகாகச் சுருண்டு, முட்டைக்குள்ளேயே முடிந்துவிடும். அப்படிப்பட்ட முட்டைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நேரம் வேலை ஓடாது.

இந்த லேப்பைத் தொடங்கியவர் வரதராஜன் சார். ஸ்ரீரங்கத்தில் வடக்கு உத்தர வீதியில் பிறந்தவர். அங்கிருந்தே தினமும் டவுன் பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டி வந்து போனார். நெற்றியில் மெல்லிய ஒற்றைக் கோடு, சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மெல்லிய இடுக்கி. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. தவறு நடந்தால் ஒரு ஸ்டூலை இழுத்து நம் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொள்வார். ஒரு வார்த்தை பேச மாட்டார். நாம் செய்வதையே பார்த்துக்கொண்டிருப்பார். கொஞ்ச நேரத்தில் நமக்கே வேர்த்துப்போய், "சார், இங்கதான் தப்பு பண்ணிட்டேன்" என்று வாய் திறந்துவிடும். "பெருமாள் காட்டிட்டார்" என்று சொல்லி எழுந்து போவார். இதற்கு இரண்டு திட்டுத் திட்டியிருந்தால் தேவலை என்று எனக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது.

அவரிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. இடது, வலது என்ற சொற்களே அவர் வாயில் வராது. வீதிக்கு வீதி திசையையே பேராக வைத்திருக்கும் ஊரில் பிறந்து வளர்ந்தவர். பீக்கரைக் கொஞ்சம் தெற்கால நகர்த்தச் சொல்வார். ஒருநாள் மாவு காய்ச்சிவிட்டு வந்த என்னைப் பார்த்து, "மரகதம், உங்க மூக்குக்கு மேற்கால ஏதோ ஒட்டியிருக்கு" என்றார். நான் எந்தப் பக்கம் துடைப்பது என்று தெரியாமல் முகம் முழுவதையும் துடைத்தேன். சேர்ந்த புதிதில் இது பெரிய தொந்தரவு. பிறகு எனக்கே தொற்றிக்கொண்டது. வீட்டில் உப்பு ஜாடி கிழக்கால இருக்கிறது என்று சொல்லி என் கணவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

முட்டையைக் கிடத்துவதும் அப்படித்தான். ஸ்ரீரங்கத்துப் பெருமாள் மேற்கே தலை வைத்து, கிழக்கே கால் நீட்டிப் படுத்திருக்கிறார். சார் முட்டையையும் அப்படியே படுக்க வைப்பார். தலை மேற்கே, வால் கிழக்கே. எங்களுக்கும் அதையே சொல்லிக் கொடுத்தார். எங்கள் மேஜை அறையின் வடக்குச் சுவரை ஒட்டி இருந்தது. வடக்கே பார்த்து உட்கார்ந்தால் மேற்கு இடக்கைப் பக்கம் வரும். உலகம் முழுக்க ஈ ஆராய்ச்சி செய்கிறவர்கள் படத்தில் தலையை இடப்பக்கம் வைப்பதுதான் வழக்கம். உலகத்து வழக்கமும் உத்தர வீதி வழக்கமும் ஒன்றாகவே பொருந்திப்போனதால், அதைப் பற்றி யாரும் யோசித்ததில்லை.

சபீனா பாலக்கரைப் பெண். அவள் அத்தா அங்கே சைக்கிள் பாகங்கள் விற்கும் கடை வைத்திருந்தார். பிஎச்.டி.க்குச் சேர்ந்த முதல் நாள், சார் அவளிடம் ஒரு முட்டையைக் கொடுத்துத் தலையை மேற்கே வைக்கச் சொன்னார். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் அப்போது ஜன்னலைப் பார்ப்பார்கள், வெயிலைத் தேடுவார்கள், கடைசியில் என்னைப் பார்ப்பார்கள். இவள் எதையும் பார்க்காமல் சட்டென்று வைத்துவிட்டாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "தொழறதுக்கு நிக்கிற பக்கம்தானேக்கா" என்றாள். சாருக்கு அன்று முழுக்க ஒரே சந்தோஷம். எனக்கும் அவளை அன்றே பிடித்துவிட்டது.

அவளுடைய ஆராய்ச்சி வால் முனையைப் பற்றியது. முட்டை முழுக்கப் பரவியிருக்கும் ஒரு புரதத்தின் மேல், மிக ஆரம்பத்திலேயே, வேறு எந்த அடையாளமும் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே, வால் முனையில் மட்டும் பாஸ்பேட் ஏறுகிறது என்பது அவள் கண்டது. பாஸ்பேட் ஏறிய புரதத்தை மட்டும் பிடித்துக்கொண்டு ஒளிரும் ஒரு பொருளை நாங்கள் முட்டைக்குள் ஊசியால் செலுத்துவோம். எங்கே பச்சையாக ஒளிர்கிறதோ அங்கே பாஸ்பேட் ஏறியிருக்கிறது என்று பொருள்.

அந்த வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அது என் வேலை, எனக்கு அதைச் சொல்ல ஆசை. ஈஸ்ட் வாசம் அடிக்கும் அந்த வெதுவெதுப்பான அறையில், அகர் தட்டிலிருந்து புது முட்டைகளை ஈரத் தூரிகையால் தொட்டு எடுத்து, இரு பக்கமும் பசையுள்ள டேப்பின் மேல் வைப்போம். கொம்பைப் பார்த்து, தலை மேற்கே வரும்படி. பிறகு இடுக்கியின் முதுகால் மெல்ல உருட்டினால் ஓடு பசையில் ஒட்டிக்கொண்டு பிளக்கும். உள்ளிருக்கும் முட்டை தோலோடு வழுக்கி வெளியே வரும். அதை ஊசி முனையில் ஏந்தி, அதே திசையில், கண்ணாடித் துண்டின் மேல் ஒட்டுவோம். கொம்பு ஓட்டோடு போய்விட்டதால் இனிமேல் தலை எது, வால் எது என்பதற்கு எங்கள் கைப்பழக்கம்தான் சாட்சி. வரிசையாக ஒட்டி முடித்ததும் கொஞ்சம் காய விடுவோம். காய்ச்சல் போதாவிட்டால் ஊசி ஏறியதும் முட்டை வெடிக்கும், அதிகமானால் உள்ளே வாடிவிடும். அந்தப் பக்குவம் திருச்சியில் வைகாசிக்கு ஒன்று, கார்த்திகைக்கு ஒன்று. பிறகு மேலே எண்ணெய்த் துளி, கண்ணாடி ஊசியின் நுனி, உள்ளே ஒரு சின்னத் தெளிவான வட்டம் விரிந்து கலைவது. கலைந்ததும் கண்ணாடியைத் திருப்பாமல் அப்படியே மைக்ராஸ்கோப்புக்கு நகர்த்துவோம். விளக்கை அணைத்துக் காத்திருந்தால், இருட்டுக்குள் ஒரு முனை மெல்லப் பச்சையாகும். பிறக்காத ஒன்று தன் கால் பக்கத்தைத் தெரிந்துகொள்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன். அந்த நேரத்தில் யாராவது பேசினால் எனக்கு எரிச்சல் வரும்.

சபீனா பேச மாட்டாள். இரண்டு பேரும் மாறி மாறிக் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். "கிழக்கு வெளுக்குதுக்கா" என்று மட்டும் மெதுவாகச் சொல்வாள்.

ஒரு ஐப்பசியில் அடைமழை. வடக்குச் சுவரில் தண்ணீர் இறங்கி, மேஜைக்குப் பின்னால் பூசணம் பிடித்துவிட்டது. மைக்ராஸ்கோப்பின் லென்ஸுக்குப் பூசணம் எமன். உடனே மேஜையை அப்படியே தூக்கி, எதிரே இருந்த தெற்குச் சுவரை ஒட்டிப் போட்டோம். ஒருநாள் வேலை கெட்டது, அவ்வளவுதான். மறுநாளிலிருந்து வழக்கம்போல முட்டை ஒட்டினோம், ஊசி போட்டோம், படம் எடுத்தோம். படங்களை எல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்க்க ஒரு கணினி நிரல் இருந்தது. அது ஒவ்வொரு முட்டையிலும் எங்கே எவ்வளவு ஒளி என்று அளந்து, எல்லாவற்றுக்கும் சராசரி போட்டுக் கொடுக்கும்.

ஆராய்ச்சி எதுவரை வந்திருக்கிறது என்று பரிசோதிக்க அடுத்து வந்த டாக்டரல் கமிட்டியில் சபீனா அந்தச் சராசரியைக் காட்டினாள். வெளியூரிலிருந்து வந்திருந்த நிபுணர் அதை ரொம்ப நேரம் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. மரியாதையாகத்தான் பேசினார். "போன தடவை ஒரு முனையிலதான் காட்டுனீங்க. இப்ப எல்லாத்தையும் சேத்துப் பாத்தா ரெண்டு முனையிலயும் இருக்கு. போன தடவை நல்லா வந்த படங்களை மட்டும் எடுத்துப் போட்டுட்டீங்களாம்மா?" என்றார்.

எங்கள் தொழிலில் இதைவிடக் கொடிய கேள்வி கிடையாது. முட்டை வெடிக்கலாம், சோதனை தோற்கலாம், பத்துப் பேர் பார்க்க ஊசி உடையலாம். படத்தைப் பொறுக்கினாள் என்று பேர் வந்துவிட்டால், அது போகும் இடத்துக்கெல்லாம் முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். சபீனா தான் காட்டிய சராசரியையே திரும்பத் திரும்பப் பார்த்தாள். இந்த இரண்டு முனைக்கு விளக்கம் கொண்டுவர வேண்டும், முடியாவிட்டால் வேறு தலைப்பு எடுக்க வேண்டும் என்று எழுதிவிட்டுப் போனார்கள். வேறு தலைப்பு என்றால் அதுவரை செய்த அத்தனையும் குப்பை. உதவித்தொகைக் காலமும் முடியப்போகிறது.

அவள் அழுதிருந்தால் ஆறுதல் சொல்லியிருப்பேன். அவள் அழவில்லை. பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனவள் திரும்பி வந்து, "அக்கா, நான் பொறுக்கல. ஆனா அந்தப் படம் ஏன் அப்படி வருதுன்னு எனக்கே தெரியல. ஒருவேளை எனக்குத் தெரியாமலே பொறுக்கிட்டேனோ?" என்றாள். அவள் தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பிறகு சில நாள் அவள் லேப் பக்கமே வரவில்லை.

வந்த அன்று மதியம், மாவு மூட்டைகள் இருக்கும் மூலையில் வழக்கம்போலத் தன் சின்ன விரிப்பைப் போட்டுத் தொழ நின்றாள். நான் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அவள் முடிக்கும் வரை சத்தம் செய்ய வேண்டாம் என்று கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தேன். மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. குப்பிகளுக்குள் ஈக்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அரைத் தூக்கம்போல ஒரு நிலை. அவள் குனிந்து நிமிர்வது கடைக்கண்ணில் தெரிந்தது. ஏதோ ஒன்று சரியில்லை என்று பட்டது. என்னவென்று பிடிபடவில்லை. எத்தனையோ மதியங்கள் இதே ஸ்டூலில் இப்படியே உட்கார்ந்து அவள் முடிப்பதற்காகக் காத்திருக்கிறேன். அப்போதெல்லாம் அவள் முகம் என் இடக்கைப் பக்கமாக இருக்கும். இன்று வலக்கைப் பக்கமாக இருக்கிறது. இவள் ஏன் திரும்பி நிற்கிறாள் என்று நினைத்தேன்.

அவள் திரும்பவில்லை. திரும்பி உட்கார்ந்திருந்தது நான்.

மேஜை எதிர்ச் சுவருக்குப் போனபோது நாங்கள் எல்லாரும் தெற்கே பார்த்துத் திரும்பிவிட்டோம். எங்கள் கை மட்டும் திரும்பவில்லை. வேறு எந்த ஊர் லேப்பாக இருந்தாலும் இடப்பக்கம் தலை வைத்துப் பழகிய கை, எந்தச் சுவரிலும் இடப்பக்கமே வைத்திருக்கும். எங்கள் கையோ மேற்கே வைத்துப் பழகிய கை. சாருக்குப் பெருமாளின் தலைமாடு, சபீனாவுக்குத் தொழும் பக்கம், எனக்கு இவர்கள் இருவரின் சகவாசம். மேஜை மாறிய நாளிலிருந்து தலை வலப்பக்கம் வந்துகொண்டிருந்தது. மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது ஒளி எப்போதும் போலக் கிழக்கேதான் தெரிந்தது, அதனால் அவளுக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. கணினிக்குக் கிழக்கு, மேற்கு என்ன தெரியும்? இடப்பக்கம் இருப்பதெல்லாம் தலை என்று எண்ணி, பழைய படத்தையும் புதுப் படத்தையும் கலந்துவிட்டது.

சபீனா விரிப்பை மடித்ததும் அவளைத் தோளைப் பிடித்து உட்கார வைத்துச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அவள் எழுந்து சாரின் அறைக்கு ஓடினாள். சார் வந்தார். புது இடத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். மேற்கே கையை நீட்டினார். எழுந்து பழைய இடத்துக்குப் போய், வெறும் சுவரைப் பார்த்து நின்று, மறுபடி மேற்கே கையை நீட்டினார். வேறு நேரமாக இருந்தால் நான் சிரித்திருப்பேன்.

சபீனாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். புதுப் படங்கள் அத்தனையையும் இடவலமாகத் திருப்பிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், இன்றைக்கே செய்துவிடுகிறேன் என்றாள். நானும் ஆமாம் ஆமாம் என்றேன். சார் ஸ்டூலை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. பாவம், பிள்ளைக்கு இப்போதுதான் உயிர் வந்திருக்கிறது, இந்த மனிதருக்கு இன்னும் என்ன வேண்டும் என்று நினைத்தேன். சபீனா கணினியைத் திறந்து முதல் படத்தை எடுத்தாள். திருப்பப் போன கை நின்றது. கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தாள். முகத்தில் இருந்த வெளிச்சம் அடங்கியது. "நமக்குப் பிடிச்ச மாதிரி வரணும்னு திருப்பினா, அதுவும் பொறுக்குறதுதான் சார்" என்றாள்.

இந்த முறை சார் பெருமாளைக் கூப்பிடவில்லை. "ஆமாம்மா" என்று மட்டும் சொன்னார். இது அவர் கொடுத்த பழக்கம் என்பது அவருக்கு வலித்திருக்க வேண்டும்.

தலை எது என்பதற்கு எங்கள் கைப்பழக்கம் அல்லாத ஒரு சாட்சி தேவைப்பட்டது. முட்டையிலேயே அது இருந்தது. தலை முனையில், ஆணின் விந்து நுழைவதற்கென்று நுண்ணிய துளை ஒன்று உண்டு. ஓட்டை உரித்த பிறகும் உள்தோலில் அது ஒரு சின்ன மொட்டுபோல நிற்கும். சரியான ஆழத்தில் படம் எடுத்திருந்தால் தெரியும், இல்லாவிட்டால் தெரியாது. ஒவ்வொரு முட்டைக்கும் ஒளிரும் படம் ஒன்றும், வெறும் வெளிச்சத்தில் எடுத்த சாதாரணப் படம் ஒன்றும் எங்களிடம் இருந்தன. சாதாரணப் படத்தை அதுவரை யாரும் கண்டுகொண்டதில்லை.

சார் எல்லாவற்றையும் கலைத்து, பழையது புதியது தெரியாதபடி எண்ணை மாற்றிப் போட்டார். சாதாரணப் படங்கள் மட்டும் எனக்கு. மொட்டு எந்தப் பக்கம் என்று நான் குறிக்க வேண்டும். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று எழுத வேண்டும். ஒளிரும் படங்கள் மட்டும் சபீனாவுக்கு. ஒளி எந்தப் பக்கம் என்று அவள் குறிக்க வேண்டும். குறித்து முடிக்கும் வரை இருவரும் இதைப் பற்றிப் பேசக் கூடாது என்றார். அந்த நாட்களில் நாங்கள் டீ குடிக்கும்போது மழையைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் மட்டுமே பேசினோம். கண் வலிக்க வலிக்க மொட்டைத் தேடினேன். மனசு முழுக்க அவள் பக்கம் இருந்ததால், கண்ணை மட்டும் அவள் பக்கம் போக விடக் கூடாது என்று பயந்து பயந்து பார்த்தேன். சந்தேகம் வந்த படங்களையெல்லாம் தெரியவில்லை என்று தள்ளினேன். நிறையத் தள்ளினேன்.

ஒரு சனிக்கிழமை மதியம் சார் எங்களை எதிரெதிரே உட்கார வைத்தார். ஒவ்வொரு எண்ணாக அவர் சொல்ல, முதலில் சபீனா ஒளியின் பக்கத்தைச் சொல்வாள், பிறகு நான் மொட்டின் பக்கத்தைச் சொல்வேன். இரண்டும் எதிரெதிராக வந்தால் ஒளி வாலில் இருக்கிறது என்று பொருள். ஒன்றாக வந்தால் தலையில்.

"வலது" என்றாள். "இடது" என்றேன். அடுத்தது. "இடது." "வலது." அடுத்தது. மின்விசிறி சுற்றும் சத்தத்துக்கு நடுவே அது ஒரு பாராயணம்போலப் போய்க்கொண்டிருந்தது. சார் கண்ணை மூடிக்கொண்டார். எதிர், எதிர், எதிர். எனக்கு நெஞ்சு நிறைந்துகொண்டே வந்தது. நான் தெரியவில்லை என்று தள்ளியவற்றில், அவள் செல்போன் முகப்பில் வைத்திருந்த அவளுக்கு மிகவும் பிடித்த படமும் ஒன்று. சார் எண்ணைச் சொல்லி, நான் தெரியவில்லை என்றதும் அவளுக்கு அது புரிந்துவிட்டது. ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தாள், தலையாட்டினாள். மேலே போனோம்.

பாதிக்கு மேல் போயிருப்போம். "இடது" என்றாள். என் தாளைப் பார்த்தேன். அதிலும் இடது. தெளிவான மொட்டு, நானே குறித்தது. மெல்ல "இடது" என்றேன். சார் கண் திறந்தார். எனக்கு அந்தத் தாளைக் கிழித்துப் போட வேண்டும்போல இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

"எழுதிக்கங்க சார்" என்றாள் சபீனா. குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. "அடுத்த நம்பர் சொல்லுங்க."

அப்படி இன்னும் சில வந்தன. ஒவ்வொரு தடவையும் அதே குரலில் எழுதிக்கொள்ளச் சொன்னாள். முடிவில், மேஜை வடக்கே இருந்தபோதும் தெற்கே இருந்தபோதும், ஏறக்குறைய எல்லா முட்டைகளிலும் ஒளி வாலில்தான் இருந்தது. நான் அழுதுவிட்டேன். சார் எழுந்து ஈ அறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

அடுத்த கமிட்டியில் சார்தான் முதலில் எழுந்தார். தன் வாழ்நாள் பழக்கத்தைத் தன் வாயால் அந்த நிபுணர் முன்னால் சொன்னார். முட்டையை ஏன் மேற்கே வைத்தோம், மேஜை எப்படி மாறியது, யார் கை ஏன் மாறவில்லை என்று ஒன்றுவிடாமல். "தப்பு என் பழக்கத்துல. குழந்தையோட கண்ணுல இல்லை" என்று முடித்தார். நிபுணர் சிரிக்கவில்லை. மொட்டுப் படங்களைக் கேட்டு வாங்கி, தானே ஒவ்வொன்றாகப் பார்த்தார். பின் வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு அவர் பேனா நகர்வது மட்டும் தெரிந்தது. கடைசித் தாளில் பேனா நின்றது. ஒளி தலையில் வந்த அந்தச் சில முட்டைகளை அவர் சுட்டிக்காட்டினார்.

ஊசி ஏறும்போது உள்ளே கலங்கியிருக்கலாம், அப்படிப்பட்டவற்றை நீக்கிவிடுவது எல்லா லேப்பிலும் உண்டு, நீக்கியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்களே, ஏன் வைத்திருக்கிறீர்கள் என்றார்.

சபீனா எழுந்து நின்றாள்.

"இருந்துச்சு சார்" என்றாள்.